ஐடி துறையின் பேரேடு

பட்ஜெட் கூட்டத்தில் உற்பத்திப் பிரிவின் தலைவர் பேசும்போது ஒரு டன் வார்ப்புக்கு மின்சாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறார். சரக்குப் போக்குவரத்துப் பிரிவு கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்கிறது. ஐடி பிரிவின் முறை வந்ததும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சென்ற ஆண்டின் தொகையோடு பதினைந்து சதவீதம் கூட்டிக் கேட்கிறார்கள். நிதிப் பிரிவு பத்து சதவீதத்தை வெட்டுகிறது. இடையில் எங்கோ பேரம் படிகிறது. அந்தத் தொகை எந்த வேலையை நடத்துகிறது என்பது கேட்டவருக்கும் சரியாகத் தெரியாது, வெட்டியவருக்கும் தெரியாது. ஐடியை ஒரு தொழிலைப் போல நடத்துங்கள் என்ற அறிவுரை இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு அறிவுரைகள் ஒளிந்திருக்கின்றன. தொழில் நடத்துகிறவரைப் போலக் கணக்கு வை என்பது ஒன்று. கடைக்காரரைப் போலச் சக ஊழியரிடம் வியாபாரம் செய் என்பது மற்றொன்று. முதலாவதை முழுமையாக ஏற்க வேண்டும், இரண்டாவதைப் பெரும்பாலும் தவிர்க்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

விவாதம் பழையது. கம்ப்யூட்டர் செலவைப் பயன்படுத்தும் பிரிவுகளின் கணக்கிலேயே எழுதினால் செலவு கட்டுப்படுமா என்று ரிச்சர்ட் நோலன் 1977இலேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை தொகுக்கத் தொடங்கிய ஐடிஐஎல் வழிமுறைகளிலும் சேவைச் செலவுக் கணக்கு இடம்பெற்றது. 2003 மே மாதம் நிக்கோலஸ் கார் அதே ஹார்வர்ட் இதழில், ஐடி இனிப் போட்டியாளரை முந்தவைக்கும் ஆயுதம் கிடையாது, மின்சாரம் போல எல்லாருக்கும் கிடைக்கும் பொதுச் சரக்கு, ஆகவே குறைவாகச் செலவிடுங்கள் என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். அவர் முடிவை ஏற்க வேண்டியதில்லை. மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் மீட்டர் வேண்டும் அல்லவா? ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருக்கும் காம்பவுண்டில் பில்லை நாலாகப் பிரித்தால், ஏசி ஓட்டுகிறவருக்கு அதை நிறுத்தக் காரணமில்லை. ஒற்றை மின்விசிறிக்காரர் மாதாமாதம் முணுமுணுப்பார். பெரும்பாலான நிறுவனங்களில் ஐடி செலவு இப்படித்தான் தலைமையகச் செலவு என்ற ஒற்றை மீட்டரில் ஓடுகிறது.

மீட்டர் வைப்பதற்கு முன் எதை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நிதிப் பிரிவின் புத்தகத்தில் ஐடி செலவு ஹார்டுவேர், சாஃப்ட்வேர் லைசென்ஸ், ஏஎம்சி, இன்டர்நெட், சம்பளம், தேய்மானம் என்ற தலைப்புகளில் இருக்கும். இவை எல்லாம் நீங்கள் வெளியே வாங்குபவற்றின் பெயர்கள். ஸ்டோர்ஸ் மேலாளர் சர்வரையோ ஏஎம்சியையோ பயன்படுத்துவதில்லை; அவருக்கு வேண்டியது சரக்கு வரவு பதிவாக வேண்டும், அவ்வளவுதான். ஆகவே முதல் வேலை, அதே தொகையை உள்ளே தருபவற்றின் பெயர்களில் மறுபடி எழுதுவது: ஊழியர் கணினி இருக்கை, ஈஆர்பி, சம்பளப் பட்டியல், டீலர் ஆர்டர் செயலி, ஆலைத் தளத்தின் நெட்வொர்க், தரவுப் பாதுகாப்பு என்று பத்துப் பதினைந்து சேவைகள் போதும். ஐம்பது எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று எழுதினால் பழைய ஒற்றை மீட்டர்தான். ஒரு சேவையின் பெயரைச் சொன்னதும் ஐடிக்கு வெளியே இருக்கும் ஒரு மேலாளர் அது எனக்குத் தெரியும், என் ஆட்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் பெயர் தவறு.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் 300 பேர் கணினியில் வேலை செய்கிறார்கள். மடிக்கணினி 60,000 ரூபாய், நான்கு ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு 15,000. மெயில், ஆபீஸ் லைசென்ஸுக்கு 6,000. வைரஸ் தடுப்புக்கு 1,500. ஹெல்ப் டெஸ்க்கில் நாலு பேருக்கு ஆண்டுச் சம்பளம் 24 லட்சம். 300ஆல் வகுத்தால் 8,000. இணைய இணைப்பும் நெட்வொர்க்கும் 12 லட்சம், ஒருவருக்கு 4,000. கூட்டினால் ஓர் இருக்கைக்கு ஆண்டுக்கு 34,500 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 1,38,000. புதிதாக ஒருவரை எடுக்கும்போது பர்ச்சேஸ் பிரிவு பேரம் பேசுவது அந்த 60,000 மடிக்கணினியைப் பற்றி மட்டும். அது மொத்தத்தில் பாதிகூட இல்லை. ஐயாயிரம் ரூபாய் குறைந்த மட்டமான மடிக்கணினி வாங்கினால் மூன்றாம் ஆண்டில் பழுதுக்காக ஹெல்ப் டெஸ்க்கில் கூடுகிற வேலை அந்த ஐயாயிரத்தைத் தின்றுவிடலாம் என்ற பேச்சு, இந்தக் கணக்கு இருந்தால்தான் எழும். லைசென்ஸ் வரிசையும் அப்படியே. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் மெயில் கணக்குகள் மொத்தத் தொகைக்குள் கண்ணில் படாது; இருக்கை எண்ணிக்கையையும் ஊழியர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். முதல் ஆண்டுக்கு ஒரு எக்செல் தாளே போதும். அதைவிடச் சிக்கலான கருவியில் தொடங்கியவர்கள் கருவியைப் பராமரிப்பதிலேயே ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள்.

செலவை எழுதிய பிறகு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் வேண்டும். துறையின் பெயர் போதாது. இதில் கஞ்சத்தனம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸ் பாடம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதாக 2017 மார்ச்சில் எச்சரிக்கை வந்தது. சரிசெய்யும் பேட்ச்சும் அப்போதே கிடைத்தது. ஆனால் பாதிக்கப்படக்கூடிய ஒரு பழைய தளத்தில் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை இருந்தார்கள். உள்ளே வெளியே போகும் தரவைச் சோதிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால், அது பார்வையற்றுக் கிடந்தது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 2019இல் அமெரிக்க அரசு அமைப்புகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின் தொகை குறைந்தது 57.5 கோடி டாலர். சான்றிதழைப் புதுப்பிக்க ஆகும் செலவு அற்பம். பணம் இல்லாமல் அது நின்றுபோகவில்லை. எந்தத் தளத்தில் எது ஓடுகிறது, யார் பார்க்க வேண்டும் என்ற பேரேடு சரியாக இல்லாமல் நின்றது.

அடுத்தது, நடப்புச் செலவையும் புதுச் செலவையும் பிரிப்பது. நிர்வாகக் குழுவுக்குப் புதிய செயலி பிடிக்கும், பழைய சர்வரை மாற்றுவது பிடிக்காது. இது மனித இயல்புதான், ஆனால் கணக்கில் இடம் ஒதுக்கினால் சமாளிக்கலாம். நடப்பை ஓட்ட எவ்வளவு, வெளியார் கட்டாயத்தால் எவ்வளவு, நாமாக விரும்பிச் செய்வது எவ்வளவு என்று மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் இருப்பதைப் பலர் தனியாகக் காட்டுவதில்லை. அதனால்தான் ஐடி ஆண்டுதோறும் காரணமில்லாமல் கூடுகிறது என்ற எண்ணம் வருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விஎம்வேரை வாங்கிய பிராட்காம் 2023 டிசம்பரில் ஒருமுறை வாங்கும் லைசென்ஸை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. எஸ்ஏபியின் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு இருந்தாக வேண்டும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணைப்படி, சைபர் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இவற்றில் எதையும் உங்கள் ஐடி தலைவர் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. இவற்றைத் தேதியோடு தனிப் பத்தியில் எழுதி மூன்று ஆண்டுக்கு முன்பே காட்டினால், வெட்டுகிற கை தயங்கும்.

நடப்பைப் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் காட்டியது. பனிப்புயல் எல்லா அமெரிக்க விமான நிறுவனங்களையும் அடித்தது. மற்றவை சில நாளில் எழுந்தன. சவுத்வெஸ்டில் விமானிகளையும் பணிப்பெண்களையும் விமானங்களோடு மறுபடி இணைக்கும் மென்பொருளால் அத்தனை மாற்றங்களைத் தாங்க முடியவில்லை. 16,900 விமானங்கள் ரத்தாயின, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதித்த அபராதம் 14 கோடி டாலர். அந்த நிறுவனத்தின் விமானிகள் சங்கம் இந்தத் திட்டமிடல் முறையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவந்தது. புகார் ஒரு தொகையாக மாறிக் கணக்கில் ஏறாதவரை அதற்கு முன்னுரிமை கிடைப்பதில்லை.

இனிச் சிக்கலான இடம்: கணக்கைக் காட்டினால் போதுமா, பணத்தையே வசூலிக்க வேண்டுமா? காட்டுவது என்றால், ஒவ்வொரு பிரிவுக்கும் மாதம் ஒரு தாள் போகும், அவர்கள் பட்ஜெட்டிலிருந்து எதுவும் கழியாது. வசூலிப்பது என்றால் கழியும். காட்டுவதிலேயே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. வசூலுக்குப் போகும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: பில்லைப் பெறுகிறவர் தன் நடத்தையை மாற்றினால் நிறுவனத்தின் மொத்தச் செலவு குறையுமா? லைசென்ஸுக்கும் அச்சுத் தாளுக்கும் கிளவுட் சேமிப்பிடத்துக்கும் பதில் ஆம். ஏற்கெனவே வாங்கிப்போட்ட சர்வர் அறைக்குப் பதில் இல்லை. அங்கே வசூல் செய்தால் என்ன ஆகும்? சர்வர் அறைக்கு ஆண்டுக்கு ஒரு கோடி, நாலு பிரிவுகள் தலா 25 லட்சம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவு வெளியே 15 லட்சத்துக்கு ஒரு சேவையைக் கண்டுபிடித்து வெளியேறுகிறது. பத்து லட்சம் மிச்சம் பிடித்ததாகப் பாராட்டும் வாங்குகிறது. சர்வர் அறையின் செலவோ ஒரு கோடியாகவே நிற்கிறது. மீதி மூன்று பிரிவுகளின் பங்கு 33 லட்சத்தைத் தாண்டுகிறது. நிறுவனத்தின் மொத்தச் செலவு ஒரு கோடியே 15 லட்சம். கூடிய கட்டணத்தைப் பார்த்து அடுத்த பிரிவும் கிளம்புகிறது. ஒவ்வொரு பிரிவும் லாபம் பார்க்க, கம்பெனி நட்டப்படுகிறது. ஆகவே நிலையான செலவை ஆண்டுக்கு ஒருமுறை ஒதுக்கீடாகப் பிரித்து அதோடு விட்டுவிடுங்கள். மாதாமாத வசூல், பயனாளர் கட்டுப்படுத்தக்கூடிய அலகுகளுக்கு மட்டும். வெளியேறும் முடிவை நிர்வாகக் குழு மொத்தக் கணக்கைப் பார்த்து எடுக்கட்டும்.

இந்தியாவில் வசூலுக்கு இன்னொரு வால் இருக்கிறது. ஓசூரில் தலைமையகம், பெங்களூரில் கிளை என்றால் ஜிஎஸ்டி சட்டம் இரண்டையும் வெவ்வேறு நபர்களாகவே பார்க்கிறது. தலைமையகத்தின் சொந்த ஐடி சேவையைக் கிளைக்குத் தருவதும் ஒரு வழங்கல்தான். கிளைக்கு முழு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும் நிலையில், இன்வாய்ஸில் போட்ட மதிப்பையே சந்தை மதிப்பாக ஏற்கலாம் என்று 2023 ஜூலை 17 தேதியிட்ட 199ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. வெளியாரிடம் பொதுவாக வாங்கிய கிளவுட், லைசென்ஸ் போன்ற சேவைகளின் வரி வரவைக் கிளைகளுக்குப் பிரித்துத் தர, உள்ளீட்டுச் சேவைப் பகிர்வாளர் என்ற பதிவு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். முழு வரவு கிடைக்காத மருத்துவமனை, வங்கி போன்ற தொழில்களில் இந்தக் கணக்கு உண்மையான செலவாகவே மாறும். உள்கணக்கு முறையை வரைந்த பிறகு ஆடிட்டரிடம் போகாதீர்கள். வரையும்போதே அவரை உட்காரவையுங்கள்.

உள்ளே இருக்கிறவர்களையும் வாடிக்கையாளர் என்றுதானே சொல்கிறோம், விற்பவர்-வாங்குபவர் உறவு தெளிவாக இருந்தால் பொறுப்பும் தெளிவாகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நடைமுறையில் கிடைத்த பதில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2015இல் அதை வாங்கிய ஸ்பெயினின் சபாடெல் குழுமத்துக்குச் சாபிஸ் என்ற சொந்த ஐடி நிறுவனம் இருந்தது. குழுமத்துக்குள்ளேயே ஐடி ஒரு கம்பெனியாகவும் வங்கி அதன் வாடிக்கையாளராகவும் இருந்த அமைப்பு அது. ஐடியைத் தொழிலாக நடத்தச் சொல்கிறவர்கள் விரும்பும் வடிவம். 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றினார்கள். தளம் விழுந்தது. இயல்பு நிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. பிறகு நடந்த விசாரணையில், இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது வெளிவந்தது. சாபிஸ் தயாராக இருப்பதாகக் கொடுத்த உறுதிக் கடிதத்தை வங்கி போதிய அளவு குடையவில்லை என்பதும் வெளிவந்தது. 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். 2023இல் வங்கியின் அப்போதைய ஐடி தலைவருக்கே தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு. சாபிஸ் வழங்கிய சேவையை அவர் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒரே குடும்பத்துக்குள் ஒப்பந்தம் போட்டதும், ஒப்பந்தம் இருக்கிறதே என்று வாங்குபவர் குடைவதை நிறுத்தினார். விற்பவரோ கேட்டதைக் கொடுத்தேன் என்று நிற்கலாம். வெளிநிறுவனமாக இருந்தால் இருக்கும் சந்தேகமும் இல்லை, ஒரே அணியாக இருந்தால் இருக்கும் வெளிப்படையும் இல்லை.

அதனால்தான் சக ஊழியரை வாடிக்கையாளராக்க வேண்டாம் என்கிறேன். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. டீலர் செயலியில் எட்டாவது அறிக்கை வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டால், ஏற்கெனவே உள்ள ஏழில் எதைப் பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது ஐடியின் கடமை. எந்த வேலையில் எந்த மாற்றம் வரும், அதை யார் எப்போது சரிபார்ப்பார் என்று இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு பக்கத் தாள், இருபது பக்கச் சேவை ஒப்பந்தத்தைவிட மேல். டிக்கெட் எத்தனை மணி நேரத்தில் மூடப்பட்டது என்ற அளவுகோலையும் தலைமேல் வைக்க வேண்டாம். மூடும் வேகத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் சரியாகாத டிக்கெட்டும் மூடப்படும், மறுநாள் புதிய எண்ணில் திறக்கும். மாதக் கணக்கு முடிக்க எத்தனை நாள் ஆனது, ஈஆர்பி நின்றதால் எத்தனை மணி நேரம் லாரிகள் கேட்டில் நின்றன என்ற கணக்குகளை நிர்வாகம் புரிந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பாரும் உண்டு. ஈஸ்ட்மன் கோடாக் 1989இல் தன் தரவு மையங்களை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தபோதிருந்து இந்தக் குரல் கேட்கிறது. கிளவுட் வந்த பிறகு உரத்துக் கேட்கிறது. சில வேலைகளுக்கு அது சரிதான்: மெயிலைச் சொந்த சர்வரில் ஓட்ட இன்று நல்ல காரணம் அரிது. ஆனால் உங்கள் ஒரு இருக்கைக்கு 34,500 ஆகிறது என்று தெரியாமல் வெளியார் சொல்லும் 30,000 மலிவா என்று எப்படிச் சொல்வீர்கள்? கிளவுட் பில்லோ பயன்பாட்டோடு ஏறுவது. சனி ஞாயிறு முழுக்கச் சும்மா ஓடும் சோதனை சர்வருக்கு உரியவர் யார் என்று தெரியாத நிறுவனம் அங்கே போனால் இன்னும் வேகமாகச் செலவழிக்கும். ஐம்பது பேர் உள்ள சிறு நிறுவனத்துக்கு இவ்வளவு தேவையா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: வசூல் தேவையில்லை, அலகுச் செலவுக் கணக்கு தேவை. கணக்காளர் ஒருவரும் ஐடி பார்ப்பவர் ஒருவரும் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடியும்.

தொடங்குவதற்கு நிதியாண்டின் முதல் மாதம் வசதி. கடந்த பன்னிரண்டு மாத ஐடி செலவின் வவுச்சர் பட்டியலை நிதிப் பிரிவிடம் வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சேவையின் பெயரையும் ஒரு மனிதரின் பெயரையும் எழுதுங்கள். எதிலும் சேராத வரிகள் கண்டிப்பாக இருக்கும். அவற்றை இதர செலவு என்று மூடாமல் தனியாக வையுங்கள், முதல் சேமிப்பு அங்கிருந்துதான் வரும். பிரிவுத் தலைவர்களுக்கு அனுப்பும் முதல் தாளில் தொகைகள் முன்பின் இருக்கும், சண்டையும் வரும். திருத்தம் சொல்கிறவர் தன் செலவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதத் தாளை மே 10ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.